ஃப்ரீசரில் ஐஸ் உறைகிறது, கீழே குளிர்ச்சி இல்லை. கேஸ் தீர்ந்துவிட்டது என்கிறார்கள். புதிய ஃப்ரிட்ஜ் வாங்கிவிடலாமா?

வாங்காதீர்கள். கேஸ் நிரப்பவும் இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள்.

உங்கள் கேள்வியில் இருப்பது இவ்வளவு: பனி தானாக உருகும் வகை இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ், மேலே ஃப்ரீசரில் தண்ணீர் கல்லாக உறைகிறது, கீழே வைத்த பால் மறுநாளே திரிந்துவிடுகிறது, பார்க்க வந்தவர், "கேஸ் தீர்ந்துவிட்டது, இதற்குச் செலவு செய்வதைவிடப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் ஃப்ரீசரின் பின்சுவர்த் தகட்டைக் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். பார்த்திருந்தால் உள்ளே என்ன இருந்தது என்று உங்களிடம் சொல்லியிருப்பார், நீங்களும் எழுதியிருப்பீர்கள். இதே வாக்கியத்தை என் வீட்டுச் சமையலறையில் நின்று கேட்டவள் நான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கேஸ் பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோவதில்லை. கம்ப்ரசர், வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சர், மிக மெல்லிய கேபிலரி குழாய், உள்ளே இருக்கும் கூலிங் காயில், இவை நான்கும் பற்றவைத்து மூடப்பட்ட ஒரே சுற்று. கேஸ் அதற்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றுகிறது. காயிலில் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் வெப்பத்தை உறிஞ்சுகிறது. கண்டென்சரில் மீண்டும் திரவமாகும்போது அதே வெப்பத்தை அறைக்குள் விடுகிறது. இந்தப் பயணத்தில் எதுவும் எரிவதில்லை, எதுவும் செலவாவதில்லை. கேஸ் குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்பினால், நிரப்பியதும் அதே வழியில் வெளியேறும். ஆகவே "கேஸ் இல்லை" என்று எவர் சொன்னாலும் "எங்கே கசிகிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இனி உங்கள் ஃப்ரிட்ஜுக்கு வருவோம். இந்த வகையில் பெரும்பாலும் ஒரே ஒரு கூலிங் காயில்தான் உண்டு. அது ஃப்ரீசரின் பின்சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. கீழ்ப்பகுதிக்கெனத் தனியாகக் காயில் கிடையாது. ஃப்ரீசருக்குள் இருக்கும் சிறிய ஃபேன் காயிலைத் தொட்டுக் குளிர்ந்த காற்றை ஒரு காற்றுப்பாதை வழியாகக் கீழே தள்ளுகிறது. பாதையின் நடுவே டேம்பர் என்ற சிறு கதவு எவ்வளவு காற்று இறங்கலாம் என்று கட்டுப்படுத்துகிறது. மேலே தண்ணீர் கல்லாக உறைகிறது என்றால் காயில் குளிர்கிறது, கம்ப்ரசர் ஓடுகிறது, கேஸ் சுற்றுகிறது. கீழே வராதது காற்று. சந்தேகப்பட வேண்டியவை மூன்று: ஃபேன் நின்றிருக்கலாம், டேம்பர் மூடியபடி சிக்கியிருக்கலாம், அல்லது காயில் முழுவதும் பனி கட்டிக் காற்றுக்கு இடமில்லாமல் போயிருக்கலாம். நான் மூன்றாவதன் மீதுதான் விரலை வைப்பேன்.

பனி ஏன் கட்டுகிறது? கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரக் காற்று உள்ளே போகிறது. அந்த ஈரம் காயில் மீது பனியாகப் படிகிறது. அதை உருக்குவதற்காகக் காயிலின் அடியில் ஒரு ஹீட்டர் இருக்கிறது. டைமர் வைத்த பழைய மாதிரிகளில் கம்ப்ரசர் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஓடியதும் அது நின்று ஹீட்டர் எரியும். புதிய மாதிரிகளில் மின்னணு போர்டு இதை முடிவு செய்கிறது. உருகிய நீர் ஒரு துளை வழியாக இறங்கி, கம்ப்ரசருக்கு மேலே உள்ள தட்டில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். இந்த ஏற்பாட்டில் டைமர், ஹீட்டர், வெப்பநிலையைப் பார்த்து ஹீட்டரை நிறுத்தும் பைமெட்டல், பாதுகாப்புக்கான தெர்மல் ஃப்யூஸ் என்று எந்த ஒன்று பழுதானாலும் பனி உருகாது. நாளுக்கு நாள் தடித்து, கடைசியில் காயில் முழுவதும் ஒரே வெள்ளைப் பாளமாகிவிடும். ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தாலும் காற்று அதைக் கடந்து போக முடியாது. ஃப்ரீசர் காயிலுக்கு ஒட்டியே இருப்பதால் சில காலம் தாக்குப்பிடிக்கும். கீழ்ப்பகுதிதான் முதலில் சூடாகும்.

என் வீட்டில் நடந்தது இதுவே. எங்கள் ஃப்ரிட்ஜில் அப்பாவின் இன்சுலின் இருந்தது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. அதனால் தண்ணீர் நிரம்பிய ஒரு குவளைக்குள் தெர்மாமீட்டரை எப்போதும் வைத்திருப்பேன். (வெறும் காற்றில் தொங்கவிட்டால் கதவைத் திறந்ததும் எண் துள்ளும், தண்ணீரில் இருந்தால் உண்மையான நிலை தெரியும்.) ஒரு காலையில் அது 13 டிகிரி காட்டியது. ஃப்ரீசரிலோ மைனஸ் 16. இன்சுலினைப் பக்கத்து வீட்டுக்கு மாற்றிவிட்டுப் பழுது பார்ப்பவரை அழைத்தேன்.

வந்தவர் பக்கச் சுவரைத் தொட்டார், கம்ப்ரசரைத் தொட்டார், "கேஸ் தீர்ந்துவிட்டது" என்றார். "கேஸ் தீர்ந்திருந்தால் மைனஸ் 16 எப்படி வருகிறது?" என்று கேட்டேன். நான் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். வெப்பம் எங்கிருந்து எங்கே போகிறது என்பது என் அன்றாடப் பாடம். அவர் என் கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டு, திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்துப் பதில் சொன்னார். "ஐயா, இதெல்லாம் பழசாகிவிட்டது, மாற்றிவிடுங்கள்." கேட்டது நான், பணம் கொடுக்கப்போவது நான், தெர்மாமீட்டர் என் கையில் இருந்தது. பதில் மட்டும் அப்பாவுக்கு.

இதைச் சொல்லாமல் என்னால் கடந்துபோக முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று சிலர் எழுதுவீர்கள், தெரியும். ஆனால் கார் பழுது, கணினிப் பழுது, வீட்டு வயரிங் என்று எதற்கு அழைத்தாலும் "வீட்டில் ஆண்கள் இல்லையா?" என்ற கேள்வி வருகிறது. சேவை மையத்துக்குத் தொலைபேசியில் பழுதைத் தெளிவாக விவரித்தாலும் "சாரிடம் கொடுங்கள்" என்கிறார்கள். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஃப்யூஸ் கட்டையைக்கூடத் தொட்டதில்லை. அவரே அன்று "மகளிடம் சொல்லுங்கள்" என்றார். அதற்குப் பிறகும் அந்த மனிதர் என்னைப் பார்த்துப் பேசவில்லை. தவறான கணிப்பைக்கூட மன்னித்துவிடலாம். இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, அவர் போன பிறகு செய்ததைச் சொல்கிறேன். பிளக்கை உருவினேன். ஃப்ரீசரைக் காலி செய்து பின்சுவர்த் தகட்டின் திருகுகளைக் கழற்றினேன். தகடு பனியோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் இழுக்காமல், கதவைத் திறந்துவைத்து இளகும்வரை காத்திருந்தேன். உள்ளே காயிலே கண்ணுக்குத் தெரியவில்லை, அத்தனை பனி. எல்லாம் உருகிக் காய்ந்த பிறகு, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரால் சோதித்தேன். ஹீட்டர் சில நூறு ஓம் காட்டியது. 230 வோல்ட் ஹீட்டருக்கு அது சரியான அளவு. தெர்மல் ஃப்யூஸில் மின் தொடர்ச்சியே இல்லை. அங்கேதான் சுற்று அறுந்திருந்தது.

பைமெட்டலைச் சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறை வெப்பநிலையில் அது இணைப்பைத் திறந்தே, அதாவது மின்சாரம் போகாதபடியே, வைத்திருக்கும். அதுதான் அதன் வேலை. நன்றாகக் குளிர்ந்த பிறகே மூடும். ஆகவே ஐஸில் புதைத்து வைத்துவிட்டுச் சோதிக்க வேண்டும். மேசை மீது வைத்துச் சோதித்து "இது போய்விட்டது" என்று நல்ல பைமெட்டலைக் குப்பையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். என்னுடையது நேர்மாறாக, சூடான பிறகும் திறக்கவில்லை. ஹீட்டர் நிற்காமல் எரிந்து, ஃப்யூஸ் தன்னை அறுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜைக் காப்பாற்றியிருக்கிறது. ஃப்யூஸை மட்டும் மாற்றியிருந்தால் அதுவும் அறுந்திருக்கும். வேறொரு பழுதுபார்ப்பவரை அழைத்து இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன். அவர் நான் சொன்னதைக் கேட்டார், தானும் ஒருமுறை சோதித்தார், மாற்றினார். கேஸைத் தொடவே இல்லை. அந்த ஃப்ரிட்ஜ் இன்றும் ஓடுகிறது.

நீங்கள் மல்டிமீட்டர் பிடிக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பிளக்கை உருவி, இரண்டு கதவுகளையும் திறந்தபடி ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். தரையில் துணி விரித்துவையுங்கள், தண்ணீர் வரும். பிறகு கதவை மூடி ஓடவிடுங்கள். கீழ்ப்பகுதி பழையபடி குளிர்ந்து, சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ மறுபடியும் சூடானால் பனி உருக்கும் ஏற்பாட்டில்தான் பழுது. கசிவு இருந்தால் பனியை உருக்குவதால் இப்படித் திருந்தாது. முழுவதும் உருகிய பிறகும் கீழே காற்றே வரவில்லை என்றால் ஃபேனையும் டேம்பரையும் பார்க்கச் சொல்லுங்கள். பொறுமையிழந்து கத்தியாலோ ஸ்குரூடிரைவராலோ பனியைக் குத்தாதீர்கள். காயில் பெரும்பாலும் அலுமினியம். ஒரு குத்தில் ஓட்டை விழுந்து, இல்லாத கேஸ் பிரச்சினை உண்மையாகவே வந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரம் ஒன்றை உள்ளே வைத்தால் போதும், விரைவாக உருகும்.

இதைப் படிக்கும் தொழில்நுட்பர்கள் கோபப்பட வேண்டாம். கேஸ் கசிவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தாலும் கீழ்ப்பகுதி முதலில் சூடாகும். ஆனால் அதற்கு வேறு அடையாளம் உண்டு: காயிலில் கேஸ் நுழையும் முனையில் மட்டும் பனி படிந்திருக்கும், மற்ற இடமெல்லாம் வெறுமையாக இருக்கும், ஃப்ரீசரும் மைனஸ் 18-ஐ எட்டாமல் தளர்ந்துகொண்டே போகும். தகட்டைக் கழற்றினால் இது கண்ணாலேயே தெரிந்துவிடும். கழற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். கழற்றிப் பார்ப்பவர்களை நான் மதிக்கிறேன். அவர்களில் ஒருவர்தான் என் ஃப்ரிட்ஜைச் சரிசெய்தார்.

உண்மையிலேயே கசிவு என்றால், உங்கள் ஃப்ரிட்ஜில் உள்ளே அல்லது பின்புறம் ஒட்டியிருக்கும் வில்லையில் எந்த வகை கேஸ் என்று படியுங்கள். பழைய ஆர் 12 என்ற கேஸ் ஓசோன் படலத்தை அரித்ததால் 1987-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு படிப்படியாக ஒழிக்கப்பட்டது. அடுத்து வந்த ஆர் 134ஏ ஓசோனைத் தொடவில்லை, ஆனால் புவியைச் சூடாக்குவதில் கார்பன் டையாக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். இப்போது பெரும்பாலான வீட்டு ஃப்ரிட்ஜ்களில் இருப்பது ஆர் 600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். தீப்பற்றக்கூடியது. அளவும் சில பத்து கிராம்தான். ஆகவே வேக்யூம் பம்பும் எடைபார்க்கும் கருவியும் இல்லாமல் சிலிண்டரை மட்டும் தூக்கிக்கொண்டு வருபவரை உள்ளே விடாதீர்கள். கேஸ் வெளியேறாத நிலையில் குழாயில் தீச்சுடர் காட்டுபவரையும்தான்.

மற்றப் பராமரிப்பு எளியது. கீழ்ப்பகுதி 4 டிகிரிக்குள், ஃப்ரீசர் மைனஸ் 18. தெர்மோஸ்டாட்டில் உள்ள எண் டிகிரி அன்று. பல மாதிரிகளில் எண் கூடினால் குளிர் கூடும். கதவு ரப்பருக்கு நடுவே ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். தடையின்றி வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே ஈரக் காற்று நுழைகிறது, பனியும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. சோப்பு நீரால் துடைத்தாலே பல நேரம் ரப்பர் ஒட்டிக்கொள்ளும். பின்சுவரில் உள்ள காற்றுத் துளைகளைப் பாத்திரங்களால் அடைக்காதீர்கள். கண்டென்சர் பின்பக்கம் வெளியே தெரிந்தால் தூசி தட்டுங்கள். பக்கச் சுவர்கள் சூடாக இருந்தால் பதறாதீர்கள், கண்டென்சர் அதற்குள் புதைந்திருக்கிறது. மின்சாரம் போய் வந்தால் சில நிமிடங்கள் விட்டுப் போடுங்கள். அழுத்தம் சமமாகாமல் கம்ப்ரசர் கிளம்பத் திணறும்.

எப்போது புதிதாக வாங்கலாம்? சுவருக்குள் நுரை நிரப்பிப் புதைத்த குழாயில் கசிவு என்று உறுதியானால் வாங்கலாம். அதைப் பிரித்துச் சரிசெய்வது பெரும்பாலும் நடக்காத காரியம். பழைய ஃப்ரிட்ஜில் கம்ப்ரசரே போய்விட்டாலும் வாங்கலாம். ஆனால் அது கிளம்பாமல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை "டிக்" என்று மட்டும் ஒலித்தால், முதலில் கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலேயை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஃப்ரிட்ஜுக்கு இந்த இரண்டும் இல்லை என்றுதான் நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது. ஒரு நாள் அணைத்துவைத்துப் பாருங்கள், பிறகு என்ன ஆனது என்று இங்கேயே எழுதுங்கள். உங்கள் கணவரையோ அண்ணனையோ கேட்காமல் உங்களுக்கே பதில் சொல்கிறேன்.