சுவருக்கு அடர் நிறம், ஜன்னலோரம் செடி: வாங்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: வணக்கமுங்க. எங்களுடையது ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கட்டிய தார்சு வீடு. உள்ளே எல்லாச் சுவரும் கிரீம் நிறம். ஆறு மாதம் முன்பு மாமா தவறிவிட்டார். அத்தை நாள் முழுக்க முன் ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறார். வீடே வெளிறிப்போன மாதிரி இருக்கிறது. ஒரு சுவருக்காவது நல்ல அடர் நிறம் அடித்து, நாலு செடி வைத்தால் அவர் மனதுக்கு ஆறுதலாக இருக்குமோ என்று தோன்றுகிறது. பெயிண்டர் வீடு முழுக்க அடித்தால்தான் எடுப்பாக இருக்கும் என்கிறார். என் வீட்டுக்காரரோ கடை மாதிரி ஆகிவிடும் என்கிறார். எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: முதலில் அத்தையைக் கேளுங்கள் அம்மா. துக்கம் நடந்த வீட்டில் எதற்கும் ஒரு வருடம் போகட்டும் என்று நினைப்பவர்கள் நம் பக்கம் நிறைய உண்டு. அவருக்கும் அந்த எண்ணம் இருந்தால் சுவரை இப்போது தொட வேண்டாம், செடியோடு நிறுத்திக்கொள்ளலாம். சரி என்று சொன்னால், எந்த நிறம் என்பதையும் அவரே சொல்லட்டும். நாள் முழுக்க அந்தச் சுவரைப் பார்க்கப் போகிறவர் அவர்தான்.

மஞ்சள் அடித்தால் மகிழ்ச்சி, பச்சை அடித்தால் அமைதி என்று ஷேட் கார்டு (பெயிண்ட் கடையில் தரும் நிற அட்டை) சொல்வதை நம்பிக் காசைப் போடாதீர்கள். ஒருவருக்குத் தெம்பு தரும் நிறம் இன்னொருவருக்கு எரிச்சலாக இருக்கும். துக்கத்துக்கு நிறம் மருந்தும் ஆகாது. அத்தை சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, யாரோடும் பேசுவதில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். அரசு நடத்தும் இலவச மனநல ஆலோசனை இது. எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

ஆனால் நல்ல நிறம் வீட்டுக்குள் ஒரு உயிர்ப்பைக் கொண்டுவரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் ஊர் வீடுகள் வெளிறிக் கிடந்தவையும் அல்ல. பொங்கல் வந்தால் சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்து, திண்ணையோரம் காவிப் பட்டை இழுத்து, காப்புக் கட்டுக்கு ஆவாரம்பூவும் பூளைப்பூவும் செருகிய வீடுகள்தானே. எல்லாச் சுவரும் கிரீம் என்பது பின்னால் வந்த பழக்கம்.

ஒரே ஒரு சுவர் போதும். ஜன்னல் இருக்கும் சுவரை எடுக்காதீர்கள். பகலில் வெளிச்சம் அதன் பின்னாலிருந்து வருவதால், அடர் நிறம் அங்கே கறுத்துத் தெரியும். ஜன்னலுக்குப் பக்கவாட்டிலோ எதிரிலோ இருக்கும் சுவர்தான் நிறத்தைச் சரியாகக் காட்டும். மேற்கு வெயில் நேராக விழும் சுவரும் வேண்டாம், அங்கே சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளுக்கும்.

ஷேட் கார்டில் இருக்கும் விரல் அளவு கட்டத்தைப் பார்த்து முடிவு செய்வதில்தான் பெரும்பாலானவர்கள் காசை இழக்கிறார்கள். அதே நிறம் பத்தடிச் சுவரில் வரும்போது இன்னும் அழுத்தமாகத் தெரியும். பிடித்த இரண்டு நிறங்களில் கடையில் கிடைக்கும் மிகச் சிறிய டப்பாவை வாங்குங்கள். நிறத்துக்கொரு பெரிய கெட்டி அட்டையில் இரண்டு கை, அதாவது இரண்டு கோட்டிங், பூசி, சுவரில் சாய்த்து வையுங்கள். காலையில், மூன்று மணி வெயிலில், ராத்திரி விளக்கில் என்று இரண்டு மூன்று நாள் பாருங்கள். உங்கள் வீட்டுக்காரரையும் அந்த அட்டை முன்னால் உட்காரவைத்துக் கேளுங்கள். அவர் சொல்லும் கடைத் தோற்றம் பெரும்பாலும் நிறத்தால் வருவதில்லை, விளக்கால் வருகிறது. எல்ஈடி பல்பு அட்டையில் 6500 கே என்று இருந்தால் நீலம் கலந்த வெள்ளை. செங்கல் சிவப்பும் மஞ்சளும் அதில் செத்துப்போய்த் தெரியும். 3000 கே மஞ்சள் சாய்ந்த வெளிச்சம், அதில் இந்த நிறங்கள் நன்றாக இருக்கும். ஹாலில் பல்பை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதுவே போதும் என்று தோன்றினாலும் தோன்றும், பெயிண்ட் செலவு மிச்சம்.

அளவுக்கு வருவோம். 12 அடி நீளம், 10 அடி உயரச் சுவர் என்றால் 120 சதுர அடி. நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கை அடிக்க ஏறக்குறைய அவ்வளவுக்குத்தான் வரும், சொரசொரப்பான சுவரில் இன்னும் குறையும். அடர் நிறத்துக்குப் பெரும்பாலும் மூன்றாவது கை தேவைப்படும். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அடர் நிறத்துக்கான பேஸ் டின்னில், அதாவது நிறம் கலப்பதற்கு முந்தைய பெயிண்ட் டின்னில், நிறம் சேர்க்க இடம் விட்டு 900 மில்லி, 3.6 லிட்டர் என்றுதான் நிரப்பியிருப்பார்கள். நிறத்துக்கும் தனியாகக் காசு உண்டு. அதனால் இரண்டு கடைகளின் விலையை ஒப்பிடும்போது டின் விலையை மட்டும் கேட்காமல், நிறம் கலந்து, வரியோடு எவ்வளவு என்று கேளுங்கள். தேவையான டின்களை ஒரே தடவையில், ஒரே பேட்ச் எண்ணில் கலந்து வாங்கி, ஒரு வாளியில் ஒன்றாகக் கொட்டிக் கலக்கிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி போய் வாங்கினால் நிறம் ஒரு நூல் மாறிவிடலாம், சுவரின் நடுவே அது தெரியும்.

பெயிண்டை நீங்களே போய், உங்கள் பெயரில் பில் போட்டு வாங்குங்கள். பல டின்களுக்குள் பெயிண்டருக்கென்று டோக்கன் இருக்கும். அது அவர் தொழிலில் கிடைக்கும் சிறு வரும்படி, அதைப் பறிக்கச் சொல்லவில்லை. ஆனால் எந்த ரகம் என்ற முடிவு டோக்கனைப் பார்த்து எடுத்ததாக இருக்கக் கூடாது. அப்புறம், நிறம் கலந்த பெயிண்டைக் கடைக்காரர் பொதுவாகத் திரும்ப எடுக்கமாட்டார். கலப்பதற்கு முன் நிற எண்ணை நீங்களே ஒரு முறை சரிபாருங்கள்.

சுவரைத் தடவினால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா, கீழே உப்பு பூத்திருக்கிறதா? அப்படியென்றால் எந்தப் பெயிண்டும் வாங்காதீர்கள். ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அடைத்து, சுவர் காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டு, பட்டி பார்த்து, பிரைமர் அடித்துத்தான் நிறம். கிரீம் சுவரில் மறைந்து கிடக்கும் உப்புத் திட்டு அடர் நிறத்தில் பளிச்சென்று தெரியும். பெயரெடுத்த விலையுயர்ந்த பெயிண்டை வாங்கி, சுவர் வேலையில் மிச்சம் பிடிப்பதைவிட, நடுத்தர ரகம் வாங்கிச் சுவரைச் சரிசெய்ய அந்தக் காசைச் செலவழிப்பது மேல்.

செடி நாலு வேண்டாம், இரண்டில் தொடங்குங்கள். அத்தை கை எட்டும் உயரத்தில், ஜன்னல் பக்கம். தண்ணீர் ஊற்றும் வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள். காலையில் எழுந்ததும் போய்ப் பார்க்க ஒன்று இருக்கிறது என்பது சும்மா உட்கார்ந்திருப்பவருக்குப் பெரிய விஷயம். பாம்புச் செடியும் மணி பிளாண்ட்டும் நம் ஊர்ச் சூட்டைத் தாங்கும், பக்கத்து நர்சரியிலேயே கிடைக்கும். ஊட்டி போகிறவர்களிடம் பூச்செடி வாங்கிவரச் சொல்லாதீர்கள். மலைக் குளிரில் பூத்த பியூஷியாவும் பிகோனியாவும் நம் ஏப்ரல் மாத ராத்திரிச் சூட்டில் நிற்காது.

கேள்வி: காற்றைச் சுத்தம் செய்யும், 24 மணி நேரமும் ஆக்சிஜன் தரும், வெயிலே தேவையில்லை என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆன்லைனில் ஆறு செடிகள் வாங்கினேன். மூன்று வாரத்தில் நாலு போய்விட்டன. பணம் திரும்பக் கிடைக்குமா? செத்த செடிக்குப் பொறுப்பில்லை என்கிறார்கள்.
- வாசகர், திருப்பூர்

பதில்: கேட்டுப் பார்க்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் எதைச் சொல்லிக் கேட்கிறீர்கள் என்பது முக்கியம். 'செடி செத்துவிட்டது' என்றால், நீங்கள் தண்ணீர் ஊற்றிய விதத்தைக் குறை சொல்வார்கள். 'வெயிலே தேவையில்லை என்று சொல்லி விற்றீர்கள், வெளிச்சம் இல்லாமல் வாழும் செடி கிடையாது' என்று கேளுங்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. விற்ற நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், பெட்டியைப் பிரித்தபோது எடுத்த படம் இருந்தால் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

காற்றைச் சுத்தம் செய்யும் கதைக்கு ஓர் ஆரம்பம் உண்டு. 1989இல் நாசா ஆய்வாளர்கள் அடைத்த சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்துச் சோதித்தார்கள். அங்கே சில வாயுக்கள் குறைந்தது உண்மை. ஆனால் வீடு அடைத்த பெட்டி அல்ல. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் கணக்குப் போட்டார்கள். கட்டடத்துக்குள் சாதாரணமாக வந்துபோகும் வெளிக்காற்று செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால், சதுர மீட்டருக்குக் குறைந்தது 10, சில நேரம் 1000 செடிகூட வேண்டும் என்று வந்தது. வீட்டில் காற்று நன்றாக இருக்க ஜன்னலைத் திறந்துவையுங்கள், காசு கிடையாது. செடியைச் செடிக்காக வாங்குங்கள், பச்சையாக ஒன்று தளிர்விடுவதைப் பார்க்கும் சந்தோஷத்துக்காக. 'ஆக்சிஜன் செடி' என்ற பெயருக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

மிச்சமிருக்கும் இரண்டையாவது காப்பாற்றுவோம். மத்தியான நேரம் விளக்குப் போடாமல் பேப்பர் படிக்க முடிகிற இடத்துக்கு நகர்த்துங்கள். இலை நுனி கருகியிருந்தால் போர் தண்ணீரின் உப்பாக இருக்கலாம், குடிக்கிற ஆற்றுத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரைத் தொட்டிக்கு விடாதீர்கள், அதில் உப்பு இன்னும் அதிகம். மண் மாற்றுவதாக இருந்தால் பொள்ளாச்சிப் பக்கம் தயாராகும் தென்னை நார்க் கட்டி நல்லதுதான், ஆனால் கழுவி உப்பு நீக்கியதா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பீளமேட்டில் வாடகை வீடு. சுவரில் பெயிண்டும் கூடாது, ஆணியும் கூடாது என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். நிறத்துக்கு என்ன வழி?
- வாசகி, கோவை

பதில்: துணிதான் வழி. கொங்கு நாட்டில் இருந்துகொண்டு அதற்கு அலைய வேண்டியதில்லை. ஹால் நடுவே ஒரு பவானி ஜமக்காளம் விரித்துப் பாருங்கள், சிவப்பும் பச்சையும் மஞ்சளும் பட்டைபட்டையாக. சுவர் வெள்ளையாக இருப்பதே அதற்கு நல்லது. புவிசார் குறியீடு பெற்றது அது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தறிக்கென்று ஒதுக்கிய ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. ஆனாலும் விசைத்தறித் துணியைப் பவானி என்று சொல்லி விற்கிறார்கள். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, பில்லில் கைத்தறி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அந்தக் கடை வேண்டாம். இந்தத் தறியில் உட்காருகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், நாம் கொடுக்கும் காசு அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை.

படுக்கைக்குச் சென்னிமலை விரிப்பு, ஜன்னலுக்குக் கரூர் திரை. திரை 5, 7, 9 அடி நீளங்களில் வரும். அளந்துகொண்டு போங்கள், ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி இருந்தால்தான் மடிப்பு விழும். ஏற்றுமதியில் மிஞ்சிய துணி மலிவாகக் கிடைக்கும், முழுதாக விரித்துப் பார்த்து வாங்குங்கள். அடர் சிவப்பு, கறுப்பு என்றால் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள், சாயம் போவது அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: மணி பிளாண்ட்டைப் பாட்டிலில் தண்ணீர் விட்டு வைத்திருக்கிறோம். தவழும் பேரன் வந்திருக்கிறான். வைத்திருக்கலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: வைத்திருக்கலாம் ஐயா, அவன் கைக்கு எட்டாத உயரத்தில். அந்த இலையில் கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசி போன்ற படிகங்கள் உண்டு. கடித்தால் வாய் எரியும், வீங்கும். டிபன்பேக்கியா என்ற பெரிய புள்ளி இலைச் செடியும் அப்படியே, வீட்டு நாய்க்கும் ஆகாது. கடித்துவிட்டால் வாயைத் துடைத்துக் கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள். பாட்டில் தண்ணீரை வாரம் ஒரு முறை முழுதாகக் கொட்டி, உள்பக்கம் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். டெங்கு கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான். அது முடியாதென்றால் செடியை மண் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள், அடியில் வைக்கும் தட்டிலும் தண்ணீர் நிற்கக் கூடாது.