கையில் 4.2 லட்சம்: வீட்டுக் கடனைக் கட்டலாமா, ரியூனியன் தீவுக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 51 வயது. காரைக்காலில் பள்ளி ஆசிரியை. கணவர் தனியார் வேலையில் இருக்கிறார். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 1.15 லட்சம். ஆர்.டி. முதிர்ந்து 4.2 லட்சம் வந்திருக்கிறது. வீட்டுக் கடனில் 6 லட்சம் பாக்கி, வட்டி 8.75%, இன்னும் 4 வருடம். அவசரத்துக்கு 3 லட்சம் எஃப்.டி.யில் தனியாக இருக்கிறது. வரும் மே மாதம் எங்கள் 25ஆவது கல்யாண நாள். கணவருக்கு இந்தியப் பெருங்கடலில் ப்ரான்ஸுக்குச் சொந்தமான ரியூனியன் தீவுக்குப் போக ஆசை. அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தம்பி அங்கே கப்பலேறிப் போனதாக வீட்டில் சொல்வார்கள். என் தம்பியோ, "ப்ரெஞ்சு தெரியாமல் அங்கே என்ன செய்வீர்கள்? மாலத்தீவில் நாலு நாள் பேக்கேஜ் இரண்டரை லட்சம்தான்" என்கிறான். பேசாமல் கடனையே அடைத்துவிடலாமா?

பதில்: கடன் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் மாதத் தவணை சுமார் 14,860 ரூபாய் இருக்கும். இன்றே 4 லட்சத்தைக் கட்டி, தவணையை மாற்றாமல் தொடர்ந்தால், 4 வருடக் கடன் ஒன்றேகால் வருடத்துக்குள் முடிந்துவிடும். மிச்சமாகும் வட்டி ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். அதாவது 4 லட்ச ரூபாய்ப் பயணத்தின் உண்மையான விலை 5 லட்சம். இதைத் தெரிந்துகொண்டு போவது வேறு, தெரியாமல் போவது வேறு.

தெரிந்தும் போகலாம் என்பதுதான் என் பதில். தவணை உங்கள் வருமானத்தில் 13 சதவீதம்தான். அவசரப் பணம் தனியாக இருக்கிறது. ஓய்வு பெறும் முன் கடன் எப்படியும் முடிந்துவிடும். எஃப்.டி.யைத் தொடுவதோ, பர்சனல் லோன் எடுப்பதோ என்றால் இதே நான் வேண்டாம் என்று எழுதியிருப்பேன்.

அடுத்தது, மாலத்தீவா ரியூனியனா. தம்பி இரண்டையும் தீவு என்ற ஒரே தட்டில் வைக்கிறார். மாலத்தீவில் நீங்கள் வாங்குவது ஒரு ரிசார்ட். அதற்குள் குடிக்கும் காபி வரை அவர்கள் சொல்வதுதான் விலை. ரியூனியன் 1946 முதல் ப்ரான்ஸின் ஒரு மாவட்டம். யூரோ புழக்கம், விலைப்பட்டியல் வாசலிலேயே தொங்கும், டிப்ஸ் கட்டாயமில்லை. எனக்குப் பிடித்த விஷயம், அங்கே பார்க்கத் தகுந்தவற்றில் பெரும்பகுதிக்கு டிக்கெட்டே இல்லை. பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் உலகத்தில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. அதன் பள்ளத்தின் விளிம்பு வரை காரில் போய் நிற்கலாம், காசு கிடையாது. மஃபாத் என்ற மலைக்கிண்ணத்துக்குள் இருக்கும் ஊர்களுக்கு இன்றும் சாலை இல்லை. நடந்துதான் இறங்க வேண்டும், அல்லது ஹெலிகாப்டர். 2,000 மீட்டருக்கு மேலுள்ள மய்தோ முனையில் விடிகாலையில் நின்றால் மொத்தக் கிண்ணமும் காலடியில் தெரியும். பத்து மணிக்கெல்லாம் மேகம் மூடிவிடும், சோம்பேறித்தனம் கூடாது. இந்த மலைப்பகுதிகள் 2010இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

கடல் குளியல்தான் ஆசை என்றால் மட்டும் தம்பி சொல்வதே சரி. சுறாத் தாக்குதல்களால் 2013 முதல் அங்கே கடலில் இறங்கக் கட்டுப்பாடு உண்டு. மேற்குக் கரையில் பவளத்திட்டுக்கு உட்பட்ட லகூனிலும், வலை போட்ட சில இடங்களிலும்தான் குளிக்க முடியும்.

மொழிப் பிரச்சினை உண்மைதான். ஆங்கிலம் குறைவு, ப்ரெஞ்சும், அதிலிருந்து பிறந்த உள்ளூர்ப் பேச்சான க்ரியோலும்தான். தமிழ் வம்சாவளியினரை அங்கே 'மல்பார்' என்பார்கள். அடிமை முறை 1848இல் ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பிள்ளைகள். காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள், ஆனால் பெரும்பாலோர் வீட்டில் தமிழ் பேசுவதில்லை. தமிழை வைத்தே சமாளித்துவிடலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். நான் போயிருந்தபோது சேன்-போல் ஊர்க் கடற்கரைச் சந்தையில் ஒரு பாட்டியின் முன்னால் கறிவேப்பிலைக் கட்டு இருந்தது. கையைக் காட்டினேன். "கலுப்பிலே" என்றார். பக்கத்துக் கட்டைக் காட்டி "முரூங்" என்றார், முருங்கைக்கீரை. சௌசௌவுக்கு அங்கே பெயர் 'சூசூ'. அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் பேச வார்த்தை இல்லை, ஆனால் வியாபாரம் முடிந்தது. சாப்பாடும் நமக்கு அந்நியமாக இருக்காது: சோறு, பருப்பு, 'காரி', தொட்டுக்கொள்ளத் தக்காளியும் மிளகாயும் நசுக்கிய 'ருகாய்'. சிலாவோஸ் மலையூரில் விளையும் பருப்புக்கு அங்கே தனி மவுசு.

இப்போது செலவு. ஒரு யூரோ 105 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். இருவருக்கு 9 இரவு. மொரீசியஸ் வழியாக விமானம் (அங்கிருந்து முக்கால் மணி நேரம்தான்), 1.4 லட்சம் ஒதுக்குங்கள். ஓட்டலை விட்டு 'ஜீத்' எனப்படும் வீட்டுத் தங்கல்களைப் பாருங்கள். இரவுக்கு 85 யூரோ என்றால் 80,000. வாடகைக் கார், பெட்ரோல் 48,000. சாப்பாட்டுக்கு நாளைக்கு இருவருக்கும் 50 யூரோ, 10 நாளைக்கு 52,500. மதியம் சாலையோர வண்டிகளில் 'பார்க்கெட்' என்ற டப்பாச் சாப்பாடு வாங்கிக்கொண்டால் இந்தத் தொகை போதும். தினமும் இரவு உணவகம் என்றால் போதாது. இறக்குமதிப் பொருள்களுக்குத் தனி வரி இருப்பதால் சூப்பர் மார்க்கெட்டில் விலை ப்ரான்ஸை விடவே அதிகம். காய்கறி, பழத்துக்குச் சந்தைதான். விசா, காப்பீட்டுக்கு 25,000, சில்லறைக்கு 30,000. கூட்டினால் சுமார் 3.76 லட்சம். 4 லட்சத்துக்குள் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கிறது. ஹெலிகாப்டர் சுற்றுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. ஆளுக்கு 300 யூரோ அளவில் ஆகும். வேண்டுமானால் கல்யாண நாள் பரிசாகத் தனியே சேருங்கள்.

பணம் ஓட்டையாகும் இடங்கள் சில உண்டு. பெரிய ஓட்டை விசா. ரியூனியன் ப்ரான்ஸ்தான், ஆனால் ஷெங்கன் பகுதி (ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகும் ஏற்பாடு) இல்லை. என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒருவர், "ஷெங்கன் இருக்கிறது, அதுவே போதும்" என்று ஒரு ஏஜென்ட் சொன்னதை நம்பி டிக்கெட் போட்டு, பணத்தை இழந்தார். விண்ணப்பத்தில் ரியூனியன் என்றே குறிப்பிட்டு, அதற்குச் செல்லும் விசா கைக்கு வந்த பிறகு திரும்பக் கிடைக்காத எதையும் வாங்குங்கள். மொரீசியஸில் இரண்டு நாள் தங்க நினைத்தால் அங்கே நமக்கு முன்கூட்டி விசா வேண்டாம்.

அப்புறம் கார். முன்பணத்துக்குக் கிரெடிட் கார்டில் ஆயிரம் யூரோ வரை பிடித்துவைப்பார்கள். ஃபாரெக்ஸ் கார்டை (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் கார்டு), டெபிட் கார்டைப் பல இடங்களில் வாங்க மாட்டார்கள். கணவர் பெயரிலேயே, போதிய வரம்புள்ள கிரெடிட் கார்டு கையில் இருக்கட்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஆர்.டி.ஓ.வில் முன்பே வாங்கிவிடுங்கள். அங்கே வலதுபக்கம் ஓட்ட வேண்டும், சிலாவோஸ் ஏறும் பாதையில் 400க்கு மேல் வளைவுகள். கணவருக்குத் தயக்கம் இருந்தால் அந்த ஒரு நாள் மட்டும் பஸ்ஸில் போய் வாருங்கள்.

மற்ற செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டில் 2,000 யூரோ ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரே நாளில் வேண்டாம், மூன்று தவணையாக ஏற்றுங்கள். யூரோ 5 ரூபாய் ஏறினாலும் உங்களுக்கு அதிகபட்ச இழப்பு 10,000தான். சாதாரண கிரெடிட் கார்டில் தேய்த்தால் 3.5% மார்க்அப் (வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி கூட்டும் கட்டணம்), அதன் மேல் ஜி.எஸ்.டி.; நூறு ரூபாய்க்கு நாலு ரூபாய் போய்விடும். கடையில் மெஷின் "ரூபாயா, யூரோவா" என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான்.

டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வருமான வரி) பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். விமானமும் தங்கலும் சேர்ந்த பேக்கேஜாக வாங்கினால் ஏஜென்ட் டி.சி.எஸ். பிடிப்பார், விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது. அது செலவு இல்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் பல மாதம் பணம் முடங்கும். டிக்கெட்டையும் தங்கலையும் தனித்தனியாக நீங்களே நேரடியாக வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

மே மாதம் உங்களுக்கு அமைந்தது அதிர்ஷ்டம். ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே புயல் காலம். 2025 பிப்ரவரி கடைசியில் கரான்ஸ் புயல் தீவையே புரட்டிப்போட்டது. மே தொடக்கத்தில் மழை ஓய்ந்து குளிர் காலம் ஆரம்பமாகும். எரிமலை மேட்டில் நன்றாகவே குளிரும், ஸ்வெட்டரை இங்கேயே வாங்கிவிடுங்கள். அதுவரை 4 லட்சம் சேமிப்புக் கணக்கில் தூங்க வேண்டாம். 3 மாதம், 6 மாதம் என்று இரண்டு எஃப்.டி.யாகப் பிரித்துப் போடுங்கள். மீதி 20,000ஐ இப்போதே கடனில் கட்டுங்கள்.

கடைசியாக, கொள்ளுத்தாத்தாவின் தம்பி. தலைநகர் சேன்-தெனியில் மாவட்ட ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகள் பற்றிய பதிவுகளை அங்கே போய்ப் பார்க்கலாம். தேடித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களை நம்பிப் போகாதீர்கள். பெயர்களை ப்ரெஞ்சு குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்திருப்பார்கள், 'வீரப்பிள்ளை' அங்கே 'விராபூலே' ஆகியிருக்கிறது. அதனால் கிளம்பும் முன் மாமனாரிடம் உட்கார்ந்து, கப்பலேறிப் போனவரின் பெயர், அவருடைய அப்பா பெயர், ஊர், உத்தேசமாகப் போன வருடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.