சறுக்கும் ரம்பமா? முதலில் கார் போர்ச்சை அளந்து பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். சுங்கை சிப்புட்டில் தாமான் வீட்டில் குடியிருக்கிறேன். செம்பனை ஆலையில் ஃபிட்டர் வேலை, வயது 34. ஓய்வு நாளில் மர வேலை செய்வது பழக்கம். தீபாவளிக்குள் வீடு முழுக்க சுவரடியில் ஓடும் 4 அங்குல ஸ்கர்ட்டிங் பலகை மாற்ற வேண்டும், ஹால் சுவரில் அலங்காரத்துக்கு வேய்ன்ஸ்கோட்டிங் சட்டம் அடிக்க வேண்டும், அப்புறம் 12 அங்குல அகலத் தட்டு வைத்து ஒரு சாமி மேடை செய்ய வேண்டும். கையில் 1,500 வெள்ளி இருக்கிறது. ஊர் ஹார்ட்வேர் கடையில் 12 அங்குல பிளேடு போட்ட ஸ்லைடிங் மைட்டர் சா (பலகையை நேராகவும் கோணமாகவும் குறுக்கே வெட்டும் ரம்பம், தலை முன்னும் பின்னும் சறுக்கும்) 1,450 வெள்ளி. பிராண்டு பெயர் நான் கேள்விப்படாதது. அதே கடையில் பெயர் பெற்ற பிராண்டு 10 அங்குலம், ஸ்லைடு இல்லை, 950 வெள்ளி. ஈப்போவில் ஜப்பான் பழைய சாமான் விற்கும் இடத்தில் எட்டரை அங்குல ஸ்லைடிங் ஒன்று 500 வெள்ளிக்குக் கிடைக்கிறது. ரம்பத்தைக் கார் போர்ச்சில் சுவரோரம் வைக்கப்போகிறேன். எதை வாங்கலாம்?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. நீங்கள் அறுக்கப்போகும் மரங்களை அகல வாரியாக நினைத்துப் பாருங்கள். ஸ்கர்ட்டிங் 4 அங்குலம். வேய்ன்ஸ்கோட்டிங் சட்டம் சாதாரணமாக இரண்டு அங்குலத்தைத் தாண்டாது. சாமி மேடைத் தட்டு மட்டும்தான் 12 அங்குலம். வீடு முழுக்க நூற்றுக்கு மேல் வெட்டு விழும். அதில் அகல வெட்டு ஐந்தோ ஆறோ. ஸ்லைடுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் காசு அந்த ஐந்தாறு வெட்டுக்குத்தான்.

ஸ்லைடு இல்லாத ரம்பத்தில் தலை மேலும் கீழும் மட்டும் போகும். பிளேடின் வட்டம் எவ்வளவு தூரம் பலகையைத் தொடுகிறதோ அவ்வளவுதான் அகலம். மக்கிட்டா எல்எஸ்1040 என்ற 10 அங்குல ரம்பம் நேர்வெட்டில் 130 மி.மீ. அகலம் அறுக்கும், அதாவது ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேல். ஸ்லைடு உள்ளதில் தலை தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும். அதனால் போஷ் ஜிசிஎம் 8 எஸ்ஜேஎல் போன்ற ரம்பம் 216 மி.மீ. பிளேடை, அதாவது எட்டரை அங்குலத்தை, வைத்துக்கொண்டே 312 மி.மீ. அகலம் வெட்டிவிடுகிறது. பிளேடு பெரிதாக இருந்தால்தான் அகலம் வரும் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். அகலத்தைத் தருவது ஸ்லைடு. பெரிய பிளேடு தருவது உயரத்தை. இன்னொன்று: ரம்பத்தின் அடிமேசையை 45 டிகிரிக்குத் திருப்பினால் எந்த ரம்பத்திலும் அகலம் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்காகச் சுருங்கிவிடும். அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது நேர்வெட்டுக் கணக்கு.

சரி, ஸ்லைடு இருந்தால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பீர்கள். இரண்டு விஷயம் கெடும். முதலாவது இடம். பெரும்பாலான ஸ்லைடிங் ரம்பங்களில் தலையைப் பின்னால் தள்ளும்போது தண்டவாளமும் பின்பக்கம் நீட்டிக்கொண்டு வரும். சுவரோரம் வைக்கப்போகிறேன் என்கிறீர்கள். வைத்தால் தண்டவாளம் சுவரில் இடிக்கும். ரம்பத்தை முன்னுக்கு இழுத்தால் கார் வெளியே நிற்க வேண்டும். தண்டவாளம் நகராமல் தலை மட்டும் ஓடுகிற அமைப்பும், கை மாதிரி மடங்குகிற அமைப்பும் இருக்கின்றன. அவற்றைச் சுவரை ஒட்டியே வைக்கலாம். ஆனால் உங்கள் பட்ஜெட்டுக்குள் அவை அநேகமாக அடங்காது.

இரண்டாவது ஆட்டம். ஓடுகிற பாகம் எதுவாக இருந்தாலும் கொஞ்சம் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளிதான் தலையை முழுக்க முன்னால் இழுக்கும்போது பக்கவாட்டில் ஆட்டமாகத் தெரியும். ஆலையில் பேரிங் மாற்றுகிற உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. நல்ல பிராண்டில் இது கையில் தெரியாத அளவுக்கு இருக்கும். பெயர் தெரியாத 12 அங்குலத்தில் கை வைத்து அசைத்தாலே தெரியும், அதோடு பிளேடு பெரிதாகப் பெரிதாக அதுவும் கூடச் சேர்ந்து அதிரும். 12 அங்குல ஸ்லைடிங் ரம்பம் பல 25 கிலோவைத் தாண்டும். வேலை முடிந்து ஒவ்வொரு சாயங்காலமும் அதைத் தூக்கி உள்ளே வைக்கப்போவது யார்? 1,450 வெள்ளி ரம்பத்தை மறந்துவிடுங்கள்.

ஜப்பான் சாமானைப் பார்ப்போம். எனக்கும் அந்தக் கடைகளில் ஒரு மோகம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் ஜப்பான் நாட்டு மின்சாரம் 100 வோல்ட். நம்முடையது 230. ரம்பத்தின் பெயர்த்தகட்டில் 100 என்று இருந்தால் அதை நம் பிளக்கில் நேராகச் செருகினால் மோட்டார் போய்விடும். ‘அடாப்டர் தருகிறோம்’ என்பார்கள். அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றும். வோல்டேஜை இறக்க டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதுவும் ரம்பம் துவங்கும்போது இழுக்கும் மின்சாரத்தைத் தாங்கும் அளவுக்குப் பெரிதாக வேண்டும். அந்தச் செலவையும் பிளேடு, உதிரிப் பாகம் தேடும் அலைச்சலையும் கூட்டினால் 500 வெள்ளி மலிவாகத் தெரியாது.

மிஞ்சியது 950 வெள்ளி ரம்பம். அதைத்தான் வாங்கச் சொல்கிறேன். சாமி மேடைத் தட்டை என்ன செய்வது? நேரான அலுமினியப் பட்டையைப் பலகைமேல் கிளாம்ப் போட்டு இறுக்கி, அதை ஒட்டி சர்க்குலர் சாவை (கையில் பிடித்துத் தள்ளும் வட்ட ரம்பத்தை) ஓட்டினால் 12 அங்குலம் என்ன, 4 அடிக்கு 8 அடி பிளைவுட்டே நேராக வரும். சர்க்குலர் சா இல்லையென்றால் பலகை வாங்கும் கடையிலேயே அளவு கொடுத்து அறுத்துத் தரச் சொல்லுங்கள். இனி வாரம் தவறாமல் அலமாரியும் மேசையும் செய்யப்போகிறேன் என்றால் கதை வேறு. அப்போது இன்னும் கொஞ்சம் சேர்த்து எட்டரை அங்குல ஸ்லைடிங் புதிதாக, பெயர் உள்ளதாக வாங்குங்கள்.

மிச்சம் 550 வெள்ளி இருக்கிறதே, அதில் முதல் செலவு பிளேடு. ரம்பத்தோடு வரும் பிளேடு பல்லெண்ணிக்கை குறைந்ததாக இருந்தால் சீக்கிரம் அறுக்கும், ஆனால் முனையைக் கிழித்துவிடும். ஸ்கர்ட்டிங், சட்டம் மாதிரி பார்வைக்குத் தெரியும் வேலைக்கு 10 அங்குலத்தில் 60 முதல் 80 பல் உள்ள கார்பைட் பிளேடு வாங்குங்கள். நான் பார்த்தவரை, சுமாரான ரம்பத்தில் நல்ல பிளேடு போட்டவர் நல்ல ரம்பத்தில் மட்டமான பிளேடு போட்டவரைவிட அழகாக முடித்திருக்கிறார். வாங்கும்போது நடு ஓட்டையின் அளவைப் பாருங்கள். 25.4 மி.மீ., 30 மி.மீ., அமெரிக்கப் பிளேடாக இருந்தால் 15.88 மி.மீ. என்று மாறும். சர்க்குலர் சா பிளேடை இதில் மாட்ட வேண்டாம். அதன் பற்கள் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும், பலகையைக் கவ்வி இழுக்கும். மைட்டர் சாவுக்கு என்று எழுதியிருப்பதில் அந்தச் சாய்வு மிகக் குறைவாகவோ பின்னோக்கியோ இருக்கும்.

இப்போது ஸ்கர்ட்டிங். 3 அங்குலப் பலகை என்றால் ரம்பத்தின் பின்பக்கத் தடுப்பில் நிற்க வைத்து மேசையைத் திருப்பி 45 வெட்டலாம். உங்களுடையது 4 அங்குலம். நான் சொன்ன அந்த 10 அங்குல ரம்பம் நிற்க வைத்து 93 மி.மீ.தான் வெட்டும், உங்கள் பலகை 100 மி.மீ.க்கு மேல். அதனால் பலகையைப் படுக்க வைத்து, பிளேடுத் தலையைச் சாய்த்து வெட்ட வேண்டும். தலை ஒரு பக்கம் மட்டும் சாய்கிற ரம்பமாக இருந்தால் இடது மூலைக்கு ஒரு விதமாகவும் வலது மூலைக்குப் பலகையைத் தலைகீழாகத் திருப்பியும் வெட்ட வேண்டிவரும். குழப்பம்தான், முதல் நாள் இரண்டு பலகை வீணாகும். ஒரு துண்டில் ‘இடது’, ‘வலது’ என்று எழுதி மாதிரி வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி நம் சுவர்கள். தாமான் வீட்டு மூலை சரியாக 90 டிகிரி இருந்தால் அந்தக் கொத்தனாருக்கு மாலை போட வேண்டும். சிமெண்ட் பூச்சில் 88 இருக்கும், 92 இருக்கும். கோணமானியால் அளந்து, அதை 180-இலிருந்து கழித்து, மீதியில் பாதியை ரம்பத்தில் வையுங்கள்: 92 என்றால் 44. எல்லா ரம்பமும் 45-இல் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். அந்தப் பள்ளத்துக்கு அருகே 44-லோ 46-லோ நழுவாமல் இறுக்க முடிகிறதா என்று கடையிலேயே திருப்பிப் பாருங்கள். உள்மூலைகளில் 45-க்கு 45 சேர்ப்பதைவிட, ஒரு பலகையை நேராகச் சுவர்வரை விட்டு, அடுத்த பலகையின் முனையை முதல் பலகையின் வளைவுக்கு ஏற்ப நூல்ரம்பத்தால் செதுக்கி ஒட்டுவது நல்லது. சுவர் கோணலானாலும் இடுக்கு தெரியாது.

கடைக்குப் போகும்போது 4 அங்குல அகலத்தில் ஓரம் நேரான ஒரு துண்டுப் பலகை கொண்டுபோங்கள். கடை முதலாளி தவுக்கேயிடம் சொல்லி ரம்பத்தை ஓடவிட்டு நடுவில் ஒரு நேர்வெட்டு போடுங்கள். இரண்டு துண்டில் ஒன்றை அடிப்பக்கம் மேலாகப் புரட்டிப் போட்டு, இரண்டின் ஓரத்தையும் ஒரே தடுப்பில் சாய்த்து, வெட்டுமுனைகளைச் சேருங்கள். ஒளி புகும் இடுக்கு தெரிந்தால் ரம்பம் காட்டும் 90, 90 இல்லை. இடுக்கு தவறை இரண்டு மடங்காகக் காட்டும், அதனால் கண்ணுக்கே தெரியும். திருகு வைத்துச் சரிசெய்யலாம். சரிசெய்தும் நிற்கவில்லை என்றால் அந்த ரம்பத்தை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

மரத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சாமி மேடைக்கு ரப்பர் மரப் பலகையைப் பாருங்கள். துண்டுகளைச் சேர்த்து ஒட்டிய பலகையாக வரும், அறுக்கச் சுகமாக இருக்கும். ஒரு காலத்தில் தோட்டத்தில் பால் வற்றிய மரத்தை வெட்டி ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோட அடுப்பில்தான் போட்டார்கள். இன்று அது நாற்காலியாகிக் கப்பலேறுகிறது. எந்தப் பலகையானாலும் அறுக்கும் முன் ஒரு வாரம் வீட்டுக்குள் அடுக்கி வையுங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பழகாமல் அடித்தால் தீபாவளிக்கு ஒட்டிய மூலை பொங்கலுக்குத் திறந்துகொள்ளும்.

மர இழையை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை என்றால் முகமூடி கட்டாயம். தூசிப்பை எல்லாத் தூசியையும் பிடிக்காது. வேக்குவம் இருந்தால் குழாயை மாட்டுங்கள்.

கேள்வி: என் கணவருக்காக இணையத்தில் ஒரு மைட்டர் சா வாங்கினேன். பிரபல பிராண்டின் பெயர்தான் போட்டிருந்தது. மூன்று வாரத்தில் மோட்டாரில் புகை. விற்றவரிடம் கேட்டால், விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று முதலிலேயே போட்டிருக்கிறோம் என்கிறார். எங்கள் ஊர் ரிப்பேர் கடைக்காரர் பார்த்துவிட்டு, இது அந்த பிராண்டே இல்லை என்கிறார். காசு போனதுதானா?

பதில்: இல்லை அம்மா. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வியாபாரமாக விற்கும் ஒருவர் தரும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன விவரத்தோடு பொருந்த வேண்டும். ‘திரும்ப எடுப்பதில்லை’ என்று பலகை மாட்டி அந்த உரிமையை யாரும் பறித்துவிட முடியாது. ரம்பத்தை இனித் திறக்க வேண்டாம், ரிப்பேரும் வேண்டாம். பெயர்த்தகடு, பெட்டி, சீரியல் எண் ஆகியவற்றைப் படம் எடுங்கள். விற்பனைப் பக்கத்தையும் உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஏனென்றால் அந்தப் பக்கம் ஒரே இரவில் காணாமல் போகலாம். விற்றவரின் நிறுவனப் பதிவு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாங்கிய தளத்திலேயே புகார் போடுங்கள். பணம் இன்னும் விற்றவர் கைக்குப் போகாமல் இருந்தால் அங்கேயே முடிந்துவிடும். முடியவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். இணையத்திலும் பதியலாம், ஈப்போவில் உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாலும் வழி சொல்வார்கள். தீர்ப்பு வந்து 14 நாளில் விற்றவர் அதற்குக் கட்டுப்படாவிட்டால் அது குற்றமாகிவிடும். போலி பிராண்டு என்பதை அமைச்சின் அமலாக்கப் பிரிவுக்குத் தனியாகத் தெரிவியுங்கள், அது வேறு புகார்.

ஒன்று மட்டும் கவனம். பழைய சாமானை வியாபாரியாக இல்லாத ஒரு தனி ஆளிடம் வாங்கியிருந்தால் இந்தச் சட்டம் உதவிக்கு வராது.

கேள்வி: மைட்டர் சாவில் வேலை செய்யும்போது தடிமனான கையுறை போட்டுக்கொள்வது நல்லதுதானே?

பதில்: வேண்டவே வேண்டாம். சுழலும் பிளேடு துணி நுனியைப் பிடித்தால் கையோடு சேர்த்து இழுக்கும். கண்ணாடியும் காதடைப்பானும் போடுங்கள். கையைப் பிளேடிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி வையுங்கள், அதைவிடச் சின்னத் துண்டென்றால் கிளாம்ப்பில் பிடியுங்கள். ஸ்லைடிங் ரம்பமாக இருந்தால் தலையை முதலில் உங்கள் பக்கம் இழுத்து, இறக்கி, அப்புறம் உள்ளே தள்ளி வெட்டுங்கள். இழுத்துக்கொண்டே வெட்டினால் பிளேடு பலகைமேல் ஏறி உங்களை நோக்கி வரும். வெட்டி முடித்ததும் சுவிட்சை விடுங்கள், பிளேடு நின்ற பிறகு தலையைத் தூக்குங்கள்.