ஆமிஷ் கதையில் ஃபோன் வரலாமா?

ஆமிஷ் மக்களைப் (அமெரிக்காவில் பழைய முறையில் எளிமையாக வாழும் ஒரு கிறிஸ்தவச் சமூகம்) பற்றிய ஒரு நாவலில் வீட்டில் ஃபோனே கூடாது என்கிறார்கள், அடுத்ததில் கதாநாயகி ஃபோன் பேசுகிறாள், எழுத்தாளர் சொதப்பிவிட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக இல்லை. ஆமிஷ் மக்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரே சட்டம் கிடையாது. சுமார் 20 முதல் 40 குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு சபை. எதற்கு அனுமதி, எதற்குத் தடை என்பதை அந்தந்தச் சபைதான் முடிவு செய்யும். அந்தக் கட்டுப்பாடுகளுக்கு ‘ஓர்ட்னுங்’ என்று பெயர். பல ஊர்களில் வீட்டுக்குள் ஃபோன் கூடாது, ஆனால் வெளியே சின்னக் கொட்டகையில் வைத்துக்கொள்ளலாம், பக்கத்து வீட்டாரும் வந்து பேசலாம். குடும்பம் சாப்பிட உட்காரும்போது மணி அடிக்கக் கூடாது, அதுதான் கணக்கு. அதனால் கதாநாயகி கொட்டகைக்கு நடந்துபோய்ப் பேசினால் சரி. படுக்கையறையில் ஒளித்துவைத்துப் பேசினால் வில்லங்கம், கதையும் அங்கேதான் சூடுபிடிக்கும்.

அப்புறம், இந்த நாவல்களில் வரும் செவ்வாய்க்கிழமைக் கல்யாணமும் அச்சுப்பிழை அல்ல. பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பகுதியில் அறுவடை முடிந்தபின், முக்கியமாக நவம்பரில், பெரும்பாலும் செவ்வாய், வியாழன்களில்தான் கல்யாணங்கள் நடக்கும். விருந்தில் செலரி (தண்டோடு சாப்பிடும் ஒரு காய்கறி) கட்டாயம். பெண் இருக்கும் வீட்டுத் தோட்டத்தில் வழக்கத்தைவிட அதிகமாகச் செலரி தெரிந்தால் அக்கம்பக்கம் கிசுகிசுக்க ஆரம்பித்துவிடும்!

இந்தக் கதைகளைப் படித்து, அவற்றில் வருவதுபோல் வார இறுதியில் ஒட்டுத்துணிப் போர்வை தைக்க ஆசை என்றீர்களே, நேராகப் போர்வையில் இறங்காதீர்கள். ஒன்பது சதுரத் துண்டுகளை மூன்று மூன்றாக இணைத்து ஒரு குஷன் உறை தையுங்கள். பருத்தித் துணியைத் துவைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள், இல்லாவிட்டால் பின்னால் சுருங்கி இழுக்கும்.