மழைக்குக் கிடைக்கும் புத்துக் காளானைக் கெடாமல் எடுத்துவைத்துப் பிறகு சமைப்பது எப்படி?

தோட்டத்து வரப்பில் ஒரே காலையில் கூடை நிறையப் புத்துக் காளான் கிடைத்திருக்கிறது, ஒரு வேளைக் குழம்புக்குப் போக மீதியை வத்தல் போடலாமா, ஃப்ரீசரில் வைக்கலாமா, இல்லை எண்ணெய் ஊற்றி ஊறுகாயாகப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வத்தல் போடுங்கள். ஃப்ரீசர் இருந்தால் பாதியை வதக்கி உறைய வையுங்கள். எண்ணெய் ஊறுகாயை மட்டும் விட்டுவிடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நான் அந்தியூர்ப் பக்கம். புரட்டாசி, ஐப்பசியில் இடி மழை பெய்து ஓய்ந்த மறுநாள் விடியும் முன்னே காளானுக்குக் கிளம்புகிற வீடு எங்களுடையது. அம்மாயி காலத்தில் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுக் காய வைப்பார்கள். இப்போது நான் மின்சார உலர்த்தியில் செய்கிறேன். முறை மாறினாலும் விஷயம் ஒன்றுதான்: பறித்த அன்று இரவுக்குள் வேலை முடிய வேண்டும். கடையில் வாங்கும் மொட்டுக் காளான் ஃப்ரிட்ஜில் நாலைந்து நாள் தாங்கும். புத்துக் காளானுக்கு அந்தப் பொறுமை கிடையாது. காலையில் வெள்ளையாக இருந்தது மாலைக்குள் பழுப்பாகி, மடிப்புகளுக்குள் புழு நெளிய ஆரம்பித்துவிடும். ஆகவே “இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்” என்பது இதில் நடக்காது.

இவ்வளவு பாடுபட்டு எடுத்துவைப்பதற்கும் காரணம் இருக்கிறது. இந்தக் காளானைப் பண்ணையில் வளர்க்க முடியாது. மண்ணுக்கு அடியில் கறையான்கள் தங்கள் கூட்டுக்குள் இலைதழைகளை மென்று ஒரு பாத்தி கட்டி, அதில் ஒரு பூஞ்சையை வளர்த்துச் சாப்பிடுகின்றன. மழையில் மண் நனைந்ததும் அந்தப் பூஞ்சை மேலே அனுப்புவதுதான் நாம் பறிக்கும் காளான். டெர்மிட்டோமைசிஸ் என்பது அதன் பேரினப் பெயர். கறையான் இல்லாமல் அது காளானாக வருவதில்லை. சீசன் போனால் அடுத்த மழை வரை எந்தக் கடையிலும் புதிதாகக் கிடைக்காது. அதனால் பறிக்கும்போது புற்றைக் குத்திக் கிளறாதீர்கள். அடியில் கூடு நன்றாக இருந்தால் அதே இடத்தில் அடுத்த வருஷமும் வரும்.

எடுத்துவைப்பதற்கு முன்னால் பிரித்துப் பார்ப்பதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அன்றைக்கே சமைப்பதை விட இதில் ஆபத்து அதிகம். ஈரமாக இருக்கும்போது ஒரு கெட்ட காளான் கூடைக்குள் இருந்தால் கண்டுபிடித்து எறிந்துவிடலாம். நறுக்கிக் காய வைத்தபின் எல்லாம் ஒரே பழுப்புச் சுருளாகிவிடும், யாராலும் பிரிக்க முடியாது. ஆறு மாதம் கழித்து அந்த டப்பாவிலிருந்து ஒரு பிடி எடுத்துப் போடும்போது எது உள்ளே போகிறது என்றே தெரியாது. அமனிட்டா வகைக் காளான்களில் சிலவற்றில் இருக்கும் நஞ்சு காய வைத்தாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வாந்தி, பேதி தொடங்கும். நடுவில் சரியாகிவிட்டது போலத் தோன்றும், அதற்குள் ஈரல் கெட்டுப்போயிருக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் சாப்பிட்ட 13 பேர் இறந்தார்கள். அவர்களும் வருஷா வருஷம் பறித்துச் சாப்பிட்டுப் பழகிய ஊர்க்காரர்கள்தான்.

புத்துக் காளானை நான் எப்படிப் பார்க்கிறேன் என்றால், குடையின் நடுவில் கூரான ஒரு முனை இருக்கிறதா, தண்டு மண்ணுக்குள் வேர் மாதிரி நீண்டு இறங்கிப் புற்று வரைக்கும் போகிறதா என்று. அந்த வேர்ப்பகுதியைக் கொஞ்சமாவது தோண்டிப் பார்க்காமல் புது இடத்துக் காளானை நான் கூடையில் போடுவதில்லை. நூற்றுக்கணக்கில் தரை முழுக்கப் பொடிப்பொடியாக வருமே, சிலர் அரிசிக் காளான் என்பார்கள், அதற்கு இந்த நீண்ட வேர் இருக்காது. அதனால் அதில் இன்னும் கவனம் வேண்டும். அனுபவம் உள்ளவர் கூட இருந்து காட்டாமல் அதை எடுக்காதீர்கள்.

நம் ஊரில் ரொம்பப் பேர் ஏமாறுவது புல்தரையில் வெள்ளையாகப் பெரிதாக வரும் ஒரு நச்சுக் காளானில். குடை மேல் பழுப்புச் செதில், தண்டில் ஒரு வளையம். முற்றியபின் அடி மடிப்புகள் பச்சை சாயும், அப்போது யாரும் தொடமாட்டார்கள். ஆனால் இளசாக இருக்கும்போது மடிப்பும் வெள்ளைதான். நாமோ மொட்டாகப் பார்த்துப் பறிக்கிறவர்கள்! சந்தேகம் இருந்தால் விரிந்த குடை ஒன்றை வெள்ளைத்தாள் மேல் கவிழ்த்து ஒரு கிண்ணத்தால் மூடி வையுங்கள். காலையில் தாளில் பச்சைப் பொடி படிந்திருந்தால் அந்தக் கூட்டத்தையே தூக்கி எறியுங்கள். புத்துக் காளானுக்கு லேசான இளஞ்சிவப்பாகப் படியும். ஆனால் இளஞ்சிவப்பு வந்துவிட்டதே என்று மற்றதைப் பார்க்காமல் விடவும் கூடாது, அந்த நிறத்திலேயே நச்சுக் காளானும் உண்டு. வெள்ளிக் காசு போட்டால் கறுக்கும், பூண்டு போட்டால் நிறம் மாறும், பூச்சி தின்றிருந்தால் நல்லது என்கிற சோதனைகளை நம்பவே நம்பாதீர்கள். எதுவும் வேலை செய்யாது.

சரி, நல்ல காளான்தான் என்று உறுதியாகிவிட்டது. பறித்த இடத்திலேயே கத்தியால் அடி மண்ணைச் சீவிவிட்டுக் கூடையிலோ துணிப் பையிலோ போடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வீடு வருவதற்குள் புழுங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் விரிந்ததையும் மொட்டையும் தனியாகப் பிரியுங்கள். விரிந்தது அன்றைய குழம்புக்கு, மொட்டும் பாதி விரிந்ததும் எடுத்துவைக்க. வத்தலுக்குப் போகிறதைத் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். காளான் உடம்பில் ஏற்கெனவே பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், இன்னும் குடித்தால் காய்வதற்குள் நாற்றம் வந்துவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். ரொம்பச் சேறாக இருந்தால் ஓடும் தண்ணீரில் ஒரு முறை காட்டி உடனே துணியில் பரப்புங்கள்.

காய வைப்பதில் உள்ள சிக்கலே, காளான் கிடைக்கும் காலத்தில் வெயில் கிடைக்காது என்பதுதான். சுண்டைக்காய், மணத்தக்காளி வத்தலெல்லாம் நாம் போடுவது சித்திரை, வைகாசி வெயிலில். ஐப்பசி மூட்டத்தில் மொட்டை மாடியில் விரித்த காளான் மூன்று நாள் ஆனாலும் தோல் மாதிரி வளையும், அதற்குள் பூசணம் பிடித்துவிடும். ஆகவே வெயிலை நம்பாமல் திட்டம் போடுங்கள். நீளவாக்கில் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு நறுக்கி, ஒன்றன் மேல் ஒன்று படாமல் சல்லடையில் பரப்பி, மூன்று நான்கு மணி நேரம் மின்விசிறிக் காற்றில் வையுங்கள். மேல் ஈரம் போய்விடும். அப்புறம் உலர்த்தியிலோ, ஓவனிலோ 50 முதல் 60 டிகிரி செல்சியசில் வையுங்கள். ஓவன் என்றால் ஒரு மரக்கரண்டியைச் செருகிக் கதவைக் கொஞ்சம் திறந்தே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் வெளியேறாமல் உள்ளேயே வெந்துவிடும். கனத்தைப் பொறுத்து ஆறிலிருந்து பத்து மணி நேரம் ஆகும். சூட்டைக் கூட்டி அவசரப்படுத்தினால் வெளியே இறுகி உள்ளே ஈரம் நிற்கும்.

விறகடுப்பு இருந்தால் இன்னும் நல்லது. ஊசி நூலில் கோத்து, அடுப்புக்கு மேலே நெருப்பு படாத உயரத்தில் கட்டிவிடுங்கள். லேசான புகை வாசனையோடு காயும். எனக்கு அந்த வாசனை பிடிக்கும், உலர்த்தியில் அது வராது.

காய்ந்ததா என்று பார்க்க ஒன்றை ஒடித்துப் பாருங்கள். பொரிக்காத அப்பளம் மாதிரி படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் திரும்பவும் உள்ளே வையுங்கள். ஒரு கிலோ காளான் சுமார் 100 கிராமுக்கு இறங்கிவிடும். நன்றாக ஆறியபின் கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடி, முதல் ஒரு வாரம் தினமும் பாருங்கள். கண்ணாடியில் ஆவி பூத்திருந்தால் ஈரம் மிச்சம் இருக்கிறது, எடுத்து மறுபடி காய வைக்க வேண்டும். பூசணம் கண்டால் மேலாகச் சுரண்டிவிட்டு மீதியைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், முழுவதையும் கொட்டிவிடுங்கள். வண்டு வராமல் இருக்க, காய்ந்த வத்தலை நாலு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்துவிட்டு அலமாரிக்கு மாற்றலாம். பாட்டில் மேல் பறித்த தேதியையும் இடத்தையும் எழுதி ஒட்டுங்கள். ஒரு வருஷம் தாராளமாக நிற்கும்.

ஃப்ரீசருக்கு வருகிறேன். பச்சையாக அப்படியே போடாதீர்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகித் திசுவைக் கிழித்துவிடும், எடுத்துச் சமைத்தால் சொதசொதவென்று இருக்கும். நறுக்கிய காளானை மூன்று நிமிடம் ஆவியில் வேக வைக்கலாம். என் வழி வேறு: கொஞ்சம் நல்லெண்ணெயில் உப்பு மட்டும் போட்டு, விடும் தண்ணீர் வற்றும் வரை வதக்கி, ஆற வைத்து, ஒரு வேளைக்கு ஆகும் அளவாகத் தட்டையான கவர்களில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி உறைய வைப்பேன். இதில் தண்டின் கடிபதம் கெடாது, வத்தலில் அது கிடைக்காது. ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சமைக்கும்போது உருக வைக்காமல் நேராகச் சட்டியில் போட வேண்டும். நீண்ட மின்வெட்டு வரும் ஊர் என்றால் இதில் அதிகம் போட்டு வைக்காதீர்கள்.

இப்போது ஊறுகாய். மாங்காய்க்கும் எலுமிச்சைக்கும் புளிப்பு இயல்பிலேயே இருக்கிறது, அதுதான் அவற்றைக் காப்பாற்றுகிறது. காளானில் அது இல்லை. காளான் மண்ணில் வளர்வதால், மண்ணில் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் அதில் ஒட்டியிருக்கலாம். அந்த வித்து சாதாரணக் கொதியில் சாகாது, 121 டிகிரி வேண்டும். மேலே எண்ணெய் நின்று காற்றை அடைத்துவிட்டால், அந்தக் காற்றில்லாத, புளிப்பில்லாத இடம்தான் அது முளைத்து நஞ்சு உண்டாக்குவதற்கு வசதி. நாற்றத்திலோ ருசியிலோ தெரியாமல் போகலாம். பார்வை இரட்டையாகி, இமை தொங்கி, விழுங்க முடியாமல் போய், மூச்சுத் தசை வரை செயலிழக்கும். சீனாவின் யுன்னானில் இதே பேரினக் காளானைக் கிழித்து, மிளகாயோடு எண்ணெயில் நெடுநேரம் பொரித்து எண்ணெயோடு வைப்பார்கள், ரொம்பப் பிரபலம். தண்ணீர் முழுக்கப் போகும் வரை பொரிப்பதுதான் அதன் உயிர்நாடி. அது சரியாகப் போய்விட்டதா என்று வீட்டில் அளந்து பார்க்க வழியில்லை, அதனால் நான் செய்வதுமில்லை, செய்யச் சொல்வதுமில்லை. ஊறுகாய் ருசி வேண்டும் என்றால் காளானை வேக வைத்து வினிகரில் கொதிக்கவிட்டு, ஃப்ரிட்ஜில் மட்டும் வைத்து, ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டு முடியுங்கள்.

வத்தலைச் சமைக்க, நாலு பேருக்கு 30 கிராம் போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டாதீர்கள், மணல் அடியில் தங்கவிட்டு மேலாக வடித்துக் குழம்பில் சேர்த்துக்கொள்ளுங்கள், ருசியில் பாதி அதில்தான் இருக்கிறது. சின்ன வெங்காயம், மிளகு, மல்லி, தேங்காய் வறுத்து அரைத்துவிட்ட குழம்பில் காளானை முதலிலேயே போட்டு இருபது நிமிடமாவது கொதிக்க விடுங்கள். தண்டு காய்ந்தபின் நார் நாராக இருக்கும், அதைத் தனியே எடுத்து மிக்ஸியில் பொடித்து வைத்துக்கொண்டால் ரசத்தில் கொதிக்கும்போது அரைக் கரண்டி போடலாம்.