ரத்தம் கொடுத்தவரிடம் பொய்

கேள்வி: அப்பாவுக்கு 49 வயது. பெருங்குடலில் புற்றுநோய் என்று மூன்று மாதத்துக்கு முன் ஆபரேஷன் ஆனது. இப்போது கீமோ போகிறது. தங்கைக்குத் தையில் கல்யாணம் என்பதால் சொந்தத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்த சித்தப்பாவிடம்கூட அல்சர் என்றுதான் சொன்னோம். அமெரிக்காவில் மருந்திலேயே கட்டியைக் கரைத்துவிட்டார்களாமே, அது அப்பாவுக்குக் கிடைக்குமா?
- வாசகி (26), ஈரோடு

பதில்: 2022-ல் வெளிவந்த நியூயார்க் ஆய்வு அது. மலக்குடல் புற்றுநோய் வந்த 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். 12 பேருக்கும் கட்டி இருந்த தடமே தெரியவில்லை. ஆனால் அவர்கள் எல்லோருக்கும் இருந்தது ஒரு தனி ரகக் கட்டி. உன் அப்பாவுக்கோ கட்டியை எடுத்தே ஆயிற்று. டாக்டர் சொன்ன கீமோவை ஒழுங்காக முடிக்கட்டும்.

ரத்தம் கொடுத்த சித்தப்பாவிடம் அல்சர் என்றீர்களே, அதை எப்படியம்மா அவ்வளவு சாதாரணமாக எழுத முடிந்தது? அண்ணனுக்காகக் கையை நீட்டிப் படுத்த மனிதர் அவர். நாளைக்கு மலத்தில் ரத்தம் போனாலும் மூலம் என்று களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு இருப்பார். அண்ணனுக்கு வெறும் அல்சர்தானே, அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்?

கூடப் பிறந்தவருக்கோ பெற்றவருக்கோ 60 வயதுக்குள் இந்த நோய் வந்தால், மற்றவர்கள் 40 வயதில் கொலோனோஸ்கோபி, அதாவது குழாய் கேமராவைக் குடலுக்குள் விட்டு, பார்க்க வேண்டும். அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து வருடம் முன்பே. இரண்டில் எது முந்தியோ அது. உங்கள் வீட்டுக் கணக்கில் 39. சித்தப்பா அதைத் தாண்டியிருந்தால் இந்த மாதமே பார்க்க வேண்டும். அத்தை இருந்தால் அவரும்தான். முந்தின நாள் பேதி மருந்து குடிக்கிற பாடுதான் பெரிய பாடு. மற்றபடி மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள். சின்னச் சதை வளர்ச்சி இருந்தால் அப்போதே எடுத்துவிடலாம். அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடம் போல ஆகும். அந்தப் பத்து வருடத்தைத்தான் நீங்கள் அவரிடமிருந்து ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

ஊரைக் கூட்டிச் சொல்லச் சொல்லவில்லை. கூடப் பிறந்தவர்களிடம் மறைத்து நடத்துகிற கல்யாணம் எனக்குச் சம்மதமில்லை, அவ்வளவுதான். இது தொற்று நோயும் இல்லை. விஷயம் தெரிந்து விலகுகிற சம்பந்தி இப்போதே விலகட்டும்.

எடுத்த கட்டியில் எம்.எம்.ஆர். பரிசோதனை செய்தார்களா என்று டாக்டரிடம் கேள். மரபணுவில் விழும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் கட்டியில் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அது. நான் சொன்ன அந்தத் தனி ரகத்தைக் கண்டுபிடிப்பதும் இதே பரிசோதனைதான். அதில் கோளாறு தெரிந்தால், பரம்பரையாக வந்ததா என்று அப்பாவின் ரத்தத்தில் மரபணுவைப் பார்ப்பார்கள். ஆம் என்றால் உனக்கும் தங்கைக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்திருந்தால் நீங்கள் 39 வரை காத்திருக்கக் கூடாது, இந்த வயதிலேயே தொடங்க வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஃபைலை எடுத்துக்கொண்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போ. பயாப்சி ரிப்போர்ட்டை அவர் கையிலேயே கொடு. கோபப்படுவார், திட்டுவார். வாங்கிக்கொள். டாக்டரிடம் அவருக்கு நாள் குறித்த பிறகு பத்திரிகை வைக்கலாம்.