பல்பின் மின்தடை: மீட்டர் காட்டுவதை நம்புவதா, கணக்கை நம்புவதா?

கேள்வி: 12 வோல்ட், 21 வாட் என்று அச்சிட்ட வண்டி பல்பு ஒன்றின் மின்தடையை மல்டிமீட்டரில் பார்த்தேன். 0.8 ஓம் காட்டியது. ஓம் விதிப்படி 12-ஐ 0.8-ஆல் வகுத்தால் 15 ஆம்பியர், திறன் 180 வாட் என்று வருகிறது. அந்தச் சுற்றில் இருப்பதோ 5 ஆம்பியர் ஃபியூஸ். அது போகவும் இல்லை. மீட்டர் தவறா, என் கணக்கு தவறா?

பதில்: மீட்டரும் சரி, வகுத்ததும் சரி. அணைந்திருக்கும் பல்பை அளந்துவிட்டு, எரியும் பல்புக்குக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான்.

அச்சிட்ட எண்களிலிருந்து வருவோம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் திறன். எனவே 21-ஐ 12-ஆல் வகுத்தால் 1.75 ஆம்பியர். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. 12-ஐ 1.75-ஆல் வகுக்க, 6.86 ஓம். பல்பு முழு வெளிச்சத்தில் எரியும்போது இருக்கும் மின்தடை இதுதான்.

உங்கள் 0.8 ஓமிலும் மீட்டர் வயர்களின் பங்கு கொஞ்சம் இருக்கும். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள்; 0.2, 0.3 என்று ஏதாவது காட்டும். அதைக் கழித்துவிட வேண்டும். பெரிய மின்தடைகளை அளக்கும்போது இதைக் கண்டுகொள்ள வேண்டாம், ஒரு ஓமுக்குக் கீழே போனால் கட்டாயம் கழிக்க வேண்டும். 0.3 என்றே வைத்துக்கொண்டால் குளிர்ந்த இழையின் மின்தடை 0.5 ஓம். எரியும்போது அது கிட்டத்தட்ட 14 மடங்காகிறது.

இழை டங்ஸ்டன். சூடேறச் சூடேற அதன் மின்தடை ஏறிக்கொண்டே போகும். எரியும் இழையின் வெப்பநிலை சுமார் 2,500 டிகிரி செல்சியஸ் என்பதை நினைத்தால் 14 மடங்கு வியப்பாக இருக்காது. சுவிட்சைப் போட்ட நொடியில் நீங்கள் கணக்கிட்டதைப் போன்ற பெரிய மின்னோட்டம் உண்மையிலேயே பாய்கிறது. ஆனால் நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் இழை சூடாகித் தானே அதை அடக்கிவிடுகிறது. ஃபியூஸ் கம்பி உருகும் அளவுக்குச் சூடாக அந்த நேரம் போதாது. பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும்போதே பியூஸ் ஆவதற்கும் இந்த முதல் பாய்ச்சல் ஒரு காரணம்.

சரி, எரியும் பல்பை எப்படி அளப்பது? அம்மீட்டரைத் தொடராக இணையுங்கள். அதாவது ஒரு வயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரை வையுங்கள். மின்னழுத்தத்தைப் பல்பின் இரு முனைகளிலேயே எடுங்கள், பேட்டரியில் எடுக்காதீர்கள். பேட்டரியில் 12.4 வோல்ட், பல்பில் 11.8 வோல்ட், மின்னோட்டம் 1.7 ஆம்பியர் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மின்தடை 6.94 ஓம், திறன் 20 வாட். இடையில் காணாமல் போன 0.6 வோல்ட்டை விட்டுவிடாதீர்கள். அதை 1.7-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1 வாட். அது வயரிலும் இணைப்புகளிலும் மீட்டரிலுமாக வெப்பமாகப் போகிறது. மீட்டரை எடுத்துவிட்டு வயரை மறுபடி இணைத்த பிறகும் அதே இழப்பு தெரிந்தால், துருப்பிடித்த ஹோல்டரையோ தளர்ந்த இணைப்பையோ தேடுங்கள். எனக்கு இந்தக் கணக்கின் உண்மையான பயனே இப்படிக் கோளாறு பிடிப்பதில்தான் தெரிகிறது.

இரண்டு அளவுகளையும் கூடிய மட்டும் ஒரே நேரத்தில் எடுங்கள். பேட்டரி சோர்ந்தால் இரண்டும் மாறும். கியார்க் சைமன் ஓமுக்கே இந்தத் தொல்லை இருந்தது. அவர் காலத்து மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நிற்கவில்லை. அதனால் வெப்ப இரட்டைக்கு மாறினார்; இரண்டு வெவ்வேறு உலோகங்களை இரு முனைகளிலும் இணைத்து, அந்தச் சந்திகளின் வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் அமைப்பு அது. அதன் ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத அழுத்தத்தைப் பெற்றார். 1827-ல் அவர் நூலாக வெளியிட்ட விதிக்கு அந்த அளவீடுகள்தான் அடிப்படை.

எல்லாப் பொருளும் டங்ஸ்டன் போல மாறுவதில்லை. ஹீட்டர் காயிலில் இருக்கும் நிக்ரோம் கம்பி செந்தழலாகச் சூடானாலும் அதன் மின்தடை சில சதவீதமே ஏறும். 230 வோல்ட், 1,000 வாட் ஹீட்டருக்குக் கணக்குப்படி 52.9 ஓம். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு அளந்தாலும் அதை ஒட்டியே வரும். எனவே ஹீட்டருக்கு மீட்டர் அளவை வைத்தே திறனைக் கணக்கிடலாம்: மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுக்க வேண்டும். மின்னழுத்தம் 200 வோல்ட்டாகக் குறைந்தால் திறன் 756 வாட். 13 சதவீத அழுத்தம் குறைந்ததற்கு 24 சதவீதத் திறன் போய்விட்டது. தண்ணீர் சூடாக நேரமாவது அதனால்தான்.

மின்விசிறி, பம்ப் போன்ற மோட்டார்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மாறுதிசை மின்னோட்டத்தில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வோல்ட்-ஆம்பியர்தான் கிடைக்கும். வாட் வேண்டுமென்றால் அதைத் திறன் காரணியாலும், அதாவது அந்த வோல்ட்-ஆம்பியரில் எவ்வளவு பங்கு உண்மையான திறன் என்று சொல்லும் எண்ணாலும், பெருக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தில் வயரைக் கழற்றி ஆம்பியர் பார்க்க முயலாதீர்கள்; அதற்குக் கிளாம்ப் மீட்டர் இருக்கிறது. மின்சாரம் ஓடும் சுற்றில் மல்டிமீட்டரை ஓமில் வைத்துத் தொடவும் கூடாது.

ஆம்பியர் அளந்து முடித்ததும் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு உடனே மாற்றிவிடுங்கள். ஆம்பியர் துளையில் இருக்கும்போது மீட்டரின் மின்தடை ஏறக்குறைய பூஜ்யம். அப்படியே பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தால் அது ஷார்ட் சர்க்யூட். மீட்டரின் உள் ஃபியூஸ் போகும், ஃபியூஸ் இல்லாத மீட்டராக இருந்தால் வயரே பற்றும்.